ரொக்க ஜாமீனும் கொடுங்குற்றங்களும்

2025 ஆகஸ்டு 25-ந் தேதியன்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். ரொக்க ஜாமீன் முறையை எடுத்துவிட்ட ராஜ்யங்கள் எவை, நகரங்கள் எவை என்று ஒரு ஜாபிதா தயாரிக்கும்படி தமது அட்டர்னி ஜெனரலுக்கு அவர் கட்டளையிட்டார். அந்த ஜாபிதாவில் ஏறும் இடங்களுக்கு மத்திய சர்க்காரிலிருந்து போகும் பணத்தை நிறுத்திவைக்கவோ ரத்துச் செய்யவோ வழி காணுமாறு இதர இலாகாக்களுக்கும் சொல்லப்பட்டது. கைதானவர்களைப் பணம் கட்டாமலே வெளியில் விடுவதால் கொலையும் கொள்ளையும் பெருகுகின்றன என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம்.

இது மெய்தானா என்பதை நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம், குற்றம் ருசுவாகாத மனிதனுடைய சுதந்திரம். மற்றொரு பக்கம், ஊராருடைய உயிர். இரண்டில் எதுவும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆகவே ஆத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்பதே முறை.

அங்குள்ள வழக்கம்

நம் நாட்டில் ஜாமீன் என்றால், சொத்துள்ள ஒருவர் வந்து கையெழுத்திடுவதே பெரும்பாலும் நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் நடப்பது வேறு. போலீஸார் ஒருவரைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியதும், நீதிபதி ஒரு தொகையைச் சொல்லுவார். அதைக் கட்டினால் வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை ஜெயில்தான். முழுத் தொகையும் கையில் இல்லாதவர்களுக்காக ஜாமீன் வியாபாரிகள் இருக்கிறார்கள். சாதாரணமாக நூற்றுக்குப் பத்து வீதம் கூலி வாங்கிக்கொண்டு அவர்கள் பொறுப்பேற்பார்கள். எதிரி நிரபராதி என்று பிற்பாடு தீர்ப்பானாலும் அந்தக் கூலி திரும்பி வராது. அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த வியாபாரத்தைக் காண்பது அரிது. இல்லினாய் ராஜ்யம் இதை 1963-லேயே ஒழித்துவிட்டது.

இந்த ஏற்பாட்டின் பலன் என்ன? அமெரிக்காவின் ஸ்தல ஜெயில்களில் எந்த நாளில் எண்ணிப் பார்த்தாலும், தண்டனை அடையாமல் விசாரணைக்காகக் காத்துக் கிடப்பவர்கள் சுமார் நாலரை லக்ஷம் பேர். அவர்களில் சிலரை வெளியில் விடுவது ஆபத்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால், கேட்ட தொகை கையில் இல்லாததற்காகவே உள்ளே கிடப்பவர்களும் ஏராளம்.

இரண்டு சம்பவங்கள்

2010-ம் வருஷம் மே மாதம் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் காலிஃப் பிரௌடர் என்ற பதினாறு வயதுச் சிறுவனைப் போலீஸார் பிடித்தார்கள். முதுகில் மாட்டும் பை ஒன்றைத் திருடினான் என்பது குற்றச்சாட்டு. ஜாமீன் தொகை 3,000 டாலர். குடும்பத்தாரால் அதைக் கட்ட முடியவில்லை. பையன் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலுக்குப் போனான். ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கே கிடந்தான். அதில் சுமார் இரண்டு வருஷம் தனிக் கொட்டடியில். 2013-ல் வழக்கையே தள்ளிவிட்டார்கள். விசாரணை என்பது ஒரு நாளும் நடக்கவில்லை. வெளியே வந்த பிரௌடர் மனம் தேறவில்லை. 2015 ஜூனில், இருபத்திரண்டாவது வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கட்ட முடியாத 3,000 டாலருக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை இது.

மற்றொரு சம்பவம். 2021 நவம்பர் 21-ந் தேதியன்று விஸ்கான்ஸின் ராஜ்யத்திலுள்ள வாகெஷா என்ற ஊரில் கிறிஸ்துமஸ் ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. ஒருவன் அதற்குள் மோட்டாரை ஓட்டிவிட்டான். ஆறு பேர் மாண்டார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தன் குழந்தையின் தாயை மோட்டாரால் மோதியதாக மில்வாக்கியில் அவன்மீது ஏற்கனவே வழக்கு இருந்தது. அதில் ஜாமீன் பெற்றுச் சில தினங்களுக்கு முன்புதான் அவன் வெளியே வந்திருந்தான். செய்தியைக் கேட்ட ஜனங்கள் கொதித்தெழுந்தது நியாயமே. ஜாமீன் சீர்திருத்தத்தின் விளைவு இது என்று நாடெங்கும் பேசினார்கள்.

ஆனால் அவன் எப்படி வெளியே வந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். விஸ்கான்ஸினில் ரொக்க ஜாமீன் முறை எடுபடவில்லை. 1,000 டாலர் கட்டித்தான் அவன் வெளியே வந்தான். ரொக்க முறை தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. தொகையைக் கேட்டது, வாங்கிக்கொண்டது, கதவைத் திறந்துவிட்டது. ஆள் அபாயகரமானவனா என்று நிதானித்துத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில், பணம் இருக்கிறதா என்று மட்டுமே கேட்கப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் உள்ள கோளாறு ஒன்றே. ஒரு மனிதனிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது, அவனால் ஊராருக்கு எவ்வளவு அபாயம் என்பதைக் காட்டாது. நெல் அளக்கும் மரக்காலைக் கொண்டு துணியை அளப்பதுபோல் இருக்கிறது இந்த வேலை. தொகையை ஏற்றினால் சரியாய்ப் போகும் என்பாரும் உண்டு. ஏற்றினால் ஏழை உள்ளேயே இருப்பான். பணமுள்ள கொடியவன் அப்பொழுதும் வெளியே வருவான்.

நியூயார்க் கணக்கு

எதிர்க்கட்சியார் முக்கியமாகக் காட்டும் உதாரணம் நியூயார்க். பெரும்பாலான சிறு குற்றங்களுக்கும், கொடுமையில்லாத பல பெருங் குற்றங்களுக்கும் ரொக்க ஜாமீன் கேட்கக்கூடாது என்ற சட்டம் அங்கே 2020 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 2019-ல் நியூயார்க் நகரத்தில் 319 கொலைகள் நடந்தன, 2020-ல் 468. இதைவிட வேறு ருசு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம்மவர் அறிவர். 2020-ல் கொலைகள் பெருகியது நியூயார்க்கில் மட்டுமன்று. அமெரிக்கா முழுவதிலும் அந்த ஒரே வருஷத்தில் கொலைகள் சுமார் 30 சதவீதம் கூடின. ஜாமீன் சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத ராஜ்யங்களிலும் கூடின. கொரோனா நோயால் தொழில்களும் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்த காலம் அது. துப்பாக்கி விற்பனை ஏராளமாய்ப் பெருகிய காலமும் அதுவே. மேலும், நியூயார்க் நகரத்தில் 2021-ல் 488 ஆக இருந்த கொலைகள் 2022-ல் 438 ஆகவும், 2023-ல் 391 ஆகவும், 2024-ல் 377 ஆகவும் இறங்கின. சட்டம் 2020, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களில் திருத்தப்பட்டதேயொழிய, அதன் அடிப்படை அப்படியே இருந்தது. ஏற்றத்துக்குச் சட்டம் காரணமென்றால், அந்தச் சட்டம் இருக்கும்போதே இறங்கியது எப்படி? ஏறியதும் இறங்கியதும் வேறு காரணங்களால் என்பதே நேர்மையான விடை. இறக்கத்துக்கான பெருமையைச் சீர்திருத்தக்காரர்கள் கொண்டாடினாலும் அது தவறுதான்.

தலைநகரான வாஷிங்டன் இதை இன்னும் நன்றாக விளக்கும். அங்கே 1992-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, கட்ட முடியாத தொகையைக் கேட்டு ஒருவரை ஜெயிலில் வைக்கக்கூடாது. அதன் பிறகு ரொக்க ஜாமீன் அநேகமாக வழக்கொழிந்து போயிற்று. 1993-ல் அந்நகரில் 454 கொலைகள், 2012-ல் 88, 2023-ல் 274. ஒரே ஏற்பாட்டின் கீழ் இவ்வளவு ஏற்ற இறக்கம்! 2023-ல் கொலைகள் பெருகியபோது நகர கவுன்ஸில் பணத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணைவரை காவலில் வைக்க நீதிபதிகளுக்குள்ள அதிகாரத்தை விரிவாக்கியது. அடுத்த வருஷம் கொலைகள் 187 ஆயின. குறைந்ததற்கு அதுவே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. குறைப்பதற்குப் பணத்தின் உதவி தேவைப்படவில்லை என்பதே நாம் காட்ட விரும்புவது.

ஆராய்ந்தவர்கள் கண்டது

நியூ ஜெர்ஸியில் 2014 நவம்பரில் ஜனங்களே வோட்டுப் போட்டு ராஜ்ய அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2017 ஜனவரி 1-ந் தேதி முதல் ரொக்க ஜாமீன் அங்கே அநேகமாக மறைந்தது. 2015 முடிவில் 8,899 ஆக இருந்த விசாரணைக் கைதிகளின் தொகை 2018 முடிவில் 4,995 ஆயிற்று. வெளியில் விடப்பட்டவர்கள்மீது மறுபடி பெருங் குற்றம் சாட்டப்பட்டது 2014-ல் நூற்றுக்கு 12.7, 2017-ல் 13.7. வாய்தாக்களுக்கு ஒழுங்காக வந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 92.7, பின்பு 89.4. சிறு மாறுதல் இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஜெயிலில் கிடப்போர் தொகை பாதியளவுக்குக் குறைந்தபின் நேர்ந்தது இவ்வளவே. துப்பாக்கிக் கொடுமைகளை மட்டும் தனியாக எடுத்து ட்ரெக்ஸல் சர்வகலாசாலையினர் ஆராய்ந்தார்கள். சீர்திருத்தத்தால் அவை பெருகியதாகக் காணவில்லையென்று 2024-ல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள்.

அதே வருஷம் பிரென்னன் நிலையத்தார் 33 நகரங்களின் 2015 முதல் 2021 வரையிலான கணக்கைப் பரிசீலித்தார்கள். அவற்றில் 22 நகரங்கள் ஏதோவொரு விதத்தில் ஜாமீன் முறையைத் திருத்தியவை. 11 நகரங்கள் திருத்தாதவை. இரு வகுப்புக்கும் குற்ற விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. இந்த நிலையத்தார் சீர்திருத்தத்தை ஆதரிப்பவர்கள். ஆகையால் அவர்கள் சொல்லை மட்டும் நம்பி நாம் பேசவில்லை. எல்லாக் கணக்குகளும் ஒரே திக்கைக் காட்டுகின்றன என்பதே முக்கியம்.

ஆக்ஷேபத்தையும் கேட்போம். சிக்காகோ நகரம் அடங்கிய குக் ஜில்லாவில், கட்டக்கூடிய தொகையையே கேட்கவேண்டும் என்று 2017-ல் தலைமை நீதிபதி உத்தரவிட்டார். இதனால் கெடுதல் நேரவில்லை என்று அவருடைய காரியாலயம் அறிக்கை வெளியிட்டது. யூடா சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் பால் கஸெலும் அவருடைய சகாவும் 2020-ல் அதை மறுத்தார்கள். வெளியில் விடப்பட்டு மறுபடி குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். லொயோலா சர்வகலாசாலையினர் கணக்கிட்டபோதோ, புதிதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் முன்பு நூற்றுக்கு 17.5, பின்பு 17.1. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரு காலத்திலும் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்.

இந்த ஆக்ஷேபத்தில் ஓர் உண்மை இருக்கிறது. வெளியில் விடப்படுகிறவர்களின் தொகை கூடினால், விகிதம் மாறாவிட்டாலும் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடவே செய்யும். ஆனால் ஜெயிலில் வைப்பதால் மட்டும் குற்றம் குறைந்துவிடுகிறதா? ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் ஜில்லாவில் சிறு குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பற்றி 2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரே மாதிரியான வழக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருந்தவர்கள்மீது, அடுத்த பதினெட்டு மாதத்தில் சாட்டப்பட்ட பெருங் குற்றங்கள், வெளியில் இருந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகம். உள்ளே இருந்தவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் 25 சதவீதம் அதிகம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரு வாரம் வேலைக்குப் போகாதவனுக்கு வேலை போய்விடுகிறது, வாடகை நிற்கிறது, பெண்டு பிள்ளைகள் தெருவில் நிற்கிறார்கள். ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்றால், செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிட்டு வருகிறான். அதன்பின் அவனுக்கு நல்ல வேலை கொடுப்பவர் யார்?

சீர்திருத்தத்திலும் குறை உண்டு

சீர்திருத்தக்காரர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார்கள் என்றும் நாம் சொல்ல மாட்டோம். நியூயார்க் சட்டத்தைப் பற்றி அந்நகரிலுள்ள ஜான் ஜே காலேஜார் 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இரண்டு விஷயங்களைச் சொல்லுகிறது. ரொக்க ஜாமீன் நீக்கப்பட்ட குற்றங்களில், வெளியே விடப்பட்டவர்களுள் இரண்டு வருஷத்துக்குள் மறுபடி கைதானவர்கள் நூற்றுக்கு 44. பழைய முறையில் இதே மாதிரியானவர்களுள் நூற்றுக்கு 50. ஆகவே பொதுவில் நன்மையே. ஆனால் சமீபத்தில் முந்தைய வழக்குகள் உள்ளவர்களுக்குள், முக்கியமாகக் கொடுங்குற்ற வழக்குள்ளவர்களுக்குள், மறுபடி கைதாவது கூடியிருந்தது.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஜாமீன் விஷயத்தில், எதிரியால் பொதுஜனங்களுக்கு அபாயமுண்டா என்று நேராகக் கேட்டு அவனைக் காவலில் வைக்கும் அதிகாரத்தை நியூயார்க் சட்டம் நீதிபதிகளுக்குக் கொடுக்கவில்லை. பணத்தையும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நிதானித்துத் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் வைக்காவிட்டால் இடைவெளி உண்டாகத்தான் செய்யும்.

இல்லினாய் ராஜ்யம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகத் தோன்றுகிறது. 2021 பிப்ரவரியில் அங்கே சட்டம் கையெழுத்தாயிற்று. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், அமல் தடைப்பட்டது. 2023 ஜூலை 18-ந் தேதி ராஜ்யத்தின் ஸுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. செப்டம்பர் 18-ந் தேதி முதல் ரொக்க ஜாமீன் அடியோடு ஒழிந்தது. அவ்விதம் முழுவதும் ஒழித்த முதல் ராஜ்யம் இல்லினாய்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்டுப் போகவில்லை. கொடுங்குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலில் வைக்க வேண்டுமானால் சர்க்கார் வக்கீல் மனுச் செய்யவேண்டும். எதிரிக்கும் வக்கீல் உண்டு. அபாயமோ, ஓடிப்போவானென்ற பயமோ உண்டு என்பதைத் தெளிவான சாட்சியத்தால் ருசுப்படுத்த வேண்டும். ருசுவானால் அவன் கோடீசுவரனானாலும் பணத்தைக் கொட்டி வெளியே வர முடியாது. ருசுவாகாவிட்டால், ஏழையென்பதற்காக அவனை அடைத்து வைக்கவும் முடியாது. அதன் பிறகு, வாய்தாவுக்கு வராதவர்கள் தொகை ஏறவில்லை, சற்று இறங்கியது. சிக்காகோவில் 2023-ல் 617 ஆக இருந்த கொலைகள் 2024-ல் 573 ஆயின. பேரழிவு வரும் என்று சொல்லப்பட்டது, வரவில்லை.

நமக்கும் சம்பந்தம் உண்டு

இது தூரதேசத்து விவகாரம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். 1961-ல் நியூயார்க்கில் வேரா ஸ்தாபனத்தார் ஒரு பரீக்ஷை செய்தார்கள். எதிரிக்கு ஊரில் வீடு உண்டா, வேலை உண்டா, குடும்பம் உண்டா என்று விசாரித்து, தகுந்தவர்களைப் பணமில்லாமல் சொந்த முச்சலிக்காவில் விடும்படி நீதிபதிகளுக்குச் சிபாரிசு செய்தார்கள். விடப்பட்டவர்களில், வேண்டுமென்று கோர்ட்டுக்கு வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1979-ல் ஹுசைனாரா காதூன் வழக்கில் நமது ஸுப்ரீம் கோர்ட் நீதிபதி பகவதி இந்தப் பரீக்ஷையை எடுத்துக் காட்டினார். தண்டனை அடைந்தால் எவ்வளவு காலம் இருக்க வேண்டுமோ அதைவிட அதிக காலம் விசாரணைக்காகவே பீஹார் ஜெயில்களில் கிடந்தவர்களின் வழக்கு அது. பணமில்லாமலே எதிரிகளை விசாரணைக்கு வரச் செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்க அநுபவமே அவருக்குச் சாட்சியாயிற்று. 2022 முடிவில் நமது ஜெயில்களில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். ஆகவே அங்கே இந்தப் பரீக்ஷை தோற்றதா ஜயித்ததா என்பது நமக்கு வெறும் வேடிக்கையன்று.

நமது அபிப்பிராயம் இதுதான். ரொக்க ஜாமீனை எடுப்பதனால் கொடுங்குற்றங்கள் பெருகுகின்றன என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. எடுத்தாலே குற்றங்கள் குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கொலையின் ஏற்றமும் இறக்கமும் ஜாமீன் சட்டத்தைவிடப் பெரிய காரணங்களைப் பொறுத்தவை. ஜாமீன் சட்டம் தீர்மானிப்பது வேறொரு விஷயம்: ஒருவனைக் காவலில் வைப்பதற்கு அவனுடைய செயல் காரணமா, அவனுடைய வறுமை காரணமா என்பது. அபாயகரமானவனை உள்ளே வையுங்கள். ஆனால் பகிரங்கமாக விசாரித்து, காரணத்தை எழுதி, அப்பீலுக்கு இடம் கொடுத்து வையுங்கள். மற்றவனை வீட்டுக்கு அனுப்புங்கள். வாய்தாத் தேதியை ஞாபகப்படுத்துங்கள். வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள். கடினமான வேலைதான். அதைச் செய்யாமல் தப்புவதற்காகவே இத்தனை காலமும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நியாயஸ்தலங்கள் அடுத்த வழக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. நீதிபதி தம் புத்தியைக் கொண்டு செய்யவேண்டிய வேலையை எதிரியின் பணப்பையிடம் ஒப்படைப்பது ஊருக்கும் பாதுகாப்பல்ல, நியாயமும் அல்ல.